லாக் போடும் முன் அந்த வேரியபிள் எங்கே குடியிருக்கிறது என்று பாருங்கள்

கிருஷ்ணகிரிப் பக்கம் ஒரு மாங்காய் மண்டிக்கு வேறு யாரோ ஜாவாவில் எழுதிக்கொடுத்த டோக்கன் மென்பொருளைச் சரிசெய்யும் வேலை என்னிடம் வந்தது. எடைமேடைக்கு வண்டி வந்ததும் எண், விவசாயி பெயர், ரகம், எடை என்று ஒரு சீட்டு அடித்துக் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். கூட்டமில்லாத நாளில் ஒழுங்காக ஓடும். ஜூனில் பெங்களூரா ரக மாங்காய் லோடு வரிசை கட்டினால் இரண்டு கவுண்டரிலும் ஒரே எண் விழும், சில சமயம் ஒருத்தர் சீட்டில் இன்னொருத்தர் பெயரே வரும். பழைய ஆள் இதற்குச் செய்த வைத்தியம், பார்க்கிற மெத்தடுக்கெல்லாம் சிங்க்ரனைஸ்டு (ஒரு நேரத்தில் ஒருவர்தான் உள்ளே வரலாம் என்கிற பூட்டு, அதாவது லாக்) போட்டது. பிறகு பெயர் மாறுவது கொஞ்சம் குறைந்தது, ஆனால் மொத்த சிஸ்டமும் நத்தை வேகத்துக்கு வந்துவிட்டது.

பெயர் மாறுவதற்கு லாக் மருந்தே இல்லை. விவசாயி பெயரைக் கன்ட்ரோலர் (வருகிற ரிக்வெஸ்டை வாங்கிக் கவனிக்கும் கோடு) கிளாஸின் ஃபீல்டில், அதாவது அதன் மெத்தடுகள் எல்லாம் பகிர்கிற வேரியபிளில், வைத்திருந்தார். ஸ்ப்ரிங் என்கிற ஜாவா கட்டமைப்பில் கன்ட்ரோலர் என்பது, நாமாக மாற்றாதவரை, ஒரே ஒரு ஆப்ஜெக்ட், ரிக்வெஸ்டுக்குப் பதில் சொல்லும் ஜாவா கிளாஸான செர்வ்லெட்டும் அப்படித்தான். டாம்கேட் சர்வரைச் சும்மா நிறுவினாலே 200 த்ரெட் (ஒரே நேரத்தில் ஓடும் தனித்தனி வேலை இழை) வரை ஓடவிடும், அத்தனையும் அந்த ஒரு ஃபீல்டில்தான் வந்து எழுதும். சேவ் செய்கிற மெத்தடுக்கும் சீட்டு அடிக்கிற மெத்தடுக்கும் நடுவில் அடுத்த கவுண்டர்காரர் புகுந்துவிட்டால், ரெண்டையும் தனித்தனியாக லாக் செய்து என்ன பிரயோஜனம்? அந்தப் பெயரை மெத்தடுக்குள் லோக்கல் வேரியபிளாக்கி, தேவைப்படுகிற இடத்துக்கு ஆர்க்யுமெண்டாக அனுப்பினேன். லோக்கல் வேரியபிள் அந்தந்த த்ரெடின் சொந்த நினைவிடமான ஸ்டாக்கில் இருப்பது, பக்கத்து த்ரெட் தொடவே முடியாது. பாதிக்கு மேல் சிங்க்ரனைஸ்டு தானாக உதிர்ந்தது. (ஒரு நேரத்தில் ஒரு ரிக்வெஸ்ட் மட்டும் என்று உறுதி சொன்ன சிங்கிள் த்ரெட் மாடல் ஜாவாவிலேயே முன்பு இருந்தது. ஒரு பயனருக்காக சர்வர் வைத்திருக்கும் தகவலான செஷனையும், எல்லோருக்கும் பொதுவான ஸ்டேட்டிக் வேரியபிளையும் அது காப்பாற்றாது என்பதால் செர்வ்லெட் 2.4இல் கைவிட்டுவிட்டார்கள்.)

செஷன் ஒருத்தருக்கு மட்டும்தானே என்று நம்புகிறவர்களும் உண்டு. ஒரே ஆள் ரெண்டு டேப் திறந்தால் ஒரே செஷனுக்கு ரெண்டு ரிக்வெஸ்ட் ஒரே நேரத்தில் வரும். பிஎச்பி மொழி இதைத் தவிர்க்க செஷன் ஃபைலையே லாக் செய்துவிடும், அதனால்தான் ஒரு பக்கம் ரிப்போர்ட் ஓடும்போது அடுத்த டேப் சுற்றிக்கொண்டே நிற்கிறது. செஷனில் எழுதி முடித்ததும் மூடிவிட்டால் போதும், பலர் மூடுவதில்லை.

டோக்கன் எண் வேறு சங்கதி. அது உண்மையிலேயே எல்லோருக்கும் பொது, எந்தச் சின்ன ஸ்கோப்புக்குள்ளும் (வேரியபிள் செல்லுபடியாகும் எல்லை) அடைக்க முடியாது. ஸ்டேட்டிக் வேரியபிளில் ப்ளஸ் ப்ளஸ் என்பது பார்க்க ஒரு வரி, நடப்பது மூன்று வேலை: படி, கூட்டு, எழுது. ரெண்டு பேரும் 417 என்று படித்தால் ரெண்டு பேருமே 418 எழுதுவார்கள். இங்கே லாக் வேண்டும், ஆனால் அந்தக் கூட்டலுக்கு மட்டும். பழைய கோடில் லாக்கைப் பிடித்துக்கொண்டே விவசாயிக்கு எஸ்எம்எஸ் அனுப்பினார்கள். கேட்வே தூங்கினால் எடைமேடையும் தூங்கும்.

அதோடு, ஜாவா லாக் அந்த ஒரு ப்ராசஸுக்குள், அதாவது ஓடிக்கொண்டிருக்கும் அந்த ஒரு மென்பொருளுக்குள், மட்டும்தான் செல்லும். நாளைக்கு ரெண்டாவது சர்வர் போட்டால் ஆளுக்கொரு லாக், ஆளுக்கொரு 418. அதனால் எண்ணை டேட்டாபேஸுக்கே தள்ளிவிட்டேன், டோக்கன் எண் இருக்கும் நெடுவரிசைக்கு (column) ஒரே எண் இருமுறை வரக்கூடாது என்கிற யுனிக் கட்டுப்பாடும் போட்டேன். முதலில் போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸின் சீக்வென்ஸ் (கேட்டால் அடுத்த எண்ணைத் தருவது) வைத்தேன், வேகம் பிரமாதம், ஆனால் பாதியில் ரத்தான டிரான்சாக்ஷனின் (முழுதாக நடக்கும், இல்லையேல் முழுதாக ரத்தாகும் வேலைத் தொகுப்பு) எண் திரும்பி வராது. கணக்குப்பிள்ளை விடுவாரா, 431 எங்கே என்று கேட்டார். சரி என்று டோக்கன் எண்ணுக்கென ஒரு டேபிள், அதில் ஒரே வரிசை, சீட்டைச் சேமிக்கும் அதே டிரான்சாக்ஷனில் ஒன்று கூட்டும் அப்டேட், ரத்தானால் எண்ணும் சேர்ந்தே திரும்பிவிடும். கமிட் ஆகும்வரை, அதாவது சேமிப்பு உறுதியாகும்வரை, மற்றவர் காத்திருக்க வேண்டும்தான். வண்டி எடைமேடையில் ஏறி இறங்குகிற நேரத்துக்கு முன்னால் அதெல்லாம் ஒரு காத்திருப்பா?