ஜிம்மிக்கு மறுபடியும் வயிறு

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை நான்கு மணிக்கு எங்கள் நாய் ஜிம்மி பின்கதவைப் பிறாண்டியது. நான் எழுந்து தாழ்ப்பாளைத் தேடுவதற்குள் காரியம் முடிந்துவிட்டது. எங்கே முடிந்தது என்று கேட்காதீர்கள். அம்மா முந்தின நாள்தான் வாங்கிய கோரைப்பாய்.

சித்திரை பிறந்ததிலிருந்து இது நான்காவது தடவை. அதுதான் எனக்கு விளங்கவில்லை. மற்ற மாதம் என்றால் காரணம் தேட வேண்டியதே இல்லை. படகு கரை சேரும் நாளில் ஜிம்மி வடகடல் பக்கம் போகும். வலையிலிருந்து உதறிப்போட்ட காரலும் சூடையும் வெயிலில் நாறிக் கிடப்பதை ஒரு கை பார்க்கும். மறுநாள் கணக்கை எங்கள் வீட்டில் தீர்க்கும். ஆனால் இப்போது தடைக்காலம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது. கரையில் நாறுவதற்கும் மீன் குறைவு. "இரண்டு மாதம் நிம்மதி" என்று எதிர்வீட்டு மதினியிடம் பெருமையாகச் சொன்னேன். சும்மா இருந்திருக்கலாம்.

வயிறு கெட்டது ஒரு நாய்க்கு. வைத்தியம் பார்த்தது தெரு முழுவதும். அம்மா ஓமத்தைக் கொதிக்க வைத்தாள். பெரியம்மா மாதுளம்பழத் தோலைக் காயவைத்துப் பொடித்துக்கொண்டு வந்தாள். மதினி தன் வீட்டுக்காரர் விழுங்கும் மாத்திரையைப் பாதியாக உடைத்து நீட்டினாள். மனிதர் மாத்திரை நாய்க்கு ஆபத்தாக முடியலாம் என்றேன். "எங்கள் மாத்திரை உங்கள் நாய்க்கு இறங்காதோ" என்று இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். கருவாட்டுக்கார மாமா ஒருவர்தான், "விடு தாயி, புல்லைத் தின்று அதுவே சரிசெய்துகொள்ளும்" என்று பெருந்தன்மையாகச் சொன்னார். இந்த ஊரில் மணல் இருக்கிறது, பனை இருக்கிறது, சீமைக் கருவேலம் வேண்டிய மட்டும் இருக்கிறது. கோடையில் புல் வேண்டுமென்றால் ஜிம்மி பரமக்குடிக்குப் பஸ் ஏற வேண்டும்.

கால்நடை மருத்துவரிடம் போனோம். வளர்ந்த நாய் என்பதால் முதலில் ஒரு வேளை பட்டினி. தண்ணீர் மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக. பிறகு குழைய வடித்த சோறும், தோல் எலும்பு நீக்கி வேகவைத்த கோழியும், நாளைக்கு நான்கு வேளையாகப் பிரித்து. விருப்பப்பட்டால் ஒரு கரண்டி மஞ்சள் பூசணியை வேகவைத்து மசித்துச் சேர்க்கலாம். பால், எண்ணெய், உப்பு கூடாது. வெங்காயமும் பூண்டும் கூடவே கூடாது, அவை நாயின் ரத்த அணுக்களையே சிதைத்துவிடும். ரத்தமாகப் போனாலோ, வாந்தி நிற்காவிட்டாலோ, பிடரித் தோலைக் கிள்ளி விட்டதும் படியாமல் கூடாரம் போல் நின்றாலோ தாமதிக்காமல் தூக்கிவர வேண்டும். நான் மணிக்கொரு தரம் கிள்ளினேன். கடைசியில் என் கொலுசுச் சத்தம் கேட்டாலே ஜிம்மி கட்டிலுக்கு அடியில் போய்விட்டது. பூச்சி மருந்தும் கொடுத்தாயிற்று.

ஆக, வீட்டில் உப்பில்லாத தட்டு இரண்டு. இன்னொன்று அப்பாவுடையது. ரத்த அழுத்தம் ஏறிய நாளிலிருந்து அவருக்குக் கருவாடு, ஊறுகாய், அப்பளம் மூன்றும் கிடையாது. நான் கோழியைப் பிய்த்துப் பிய்த்து ஜிம்மிக்கு வைக்கும்போது, தன் சுரைக்காய்க் கூட்டைப் பார்த்தபடி, "அதற்கு வந்த நோய் எனக்கு வந்திருக்கலாம்" என்பார்.

ஜிம்மி இரண்டு நாள் கெட்டியாகப் போகும். மூன்றாம் நாள் பழைய கதை.

செவ்வாய்க்கிழமை இரவு இரண்டு மணிக்குச் செம்புச் சத்தம் கேட்டு எழுந்தேன். அப்பா குடத்தடியில் நின்று மடக்மடக்கென்று குடித்துக்கொண்டிருக்கிறார். காலடியில் ஜிம்மி, வாளிக்குள் கழுத்து வரை தலையை விட்டு நக்கிக்கொண்டிருக்கிறது. விளக்கைப் போட்டேன். இருவரும் என்னைப் பார்த்துவிட்டு ஒரே மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

காலையில் அப்பாவின் சட்டையைத் துவைக்க எடுத்தேன். பைக்குள் தினத்தாள் கிழிசல். தையல் ஓரம் முழுக்க வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. பையை வெளிப்பக்கமாகத் திருப்பினால், மூலையில் சிக்கிக்கொண்டு இரண்டு நெத்திலித் தலை.

சாயங்காலம் சாயங்காலம் ஜிம்மியைக் கூட்டிக்கொண்டு "காலாற நடக்க" போவது எந்தக் கடை வாசலுக்கு என்று தெரிந்துவிட்டது. புல் வைத்தியம் சொன்ன மாமாவுக்கும் எல்லாம் தெரிந்திருக்கிறது. தடைக்காலத்தில் பச்சை மீன் யானை விலை, கருவாட்டுக்குத்தான் காலம்.

"நீங்கள் தின்றது போதாதா? வாயில்லாத ஜீவனுக்கு எதற்கப்பா?"

"கேட்டது."

"நாய் கேட்டதா?"

"எதிரே உட்கார்ந்து கையையே பார்த்தது." அப்பா சட்டையை என் கையிலிருந்து வாங்கி, அந்தத் தலைகளைக் கவனமாக எடுத்துக் காக்கைக்கு வீசினார். "கடலுக்குள் ஐந்து பேரும் ஒரே சட்டியில்தான் தின்போம். தனியாகத் தின்றால் தொண்டையில் இறங்கமாட்டேன் என்கிறது."

நாற்பது வருடம் கடலுக்குப் போனவர். நான் சட்டையை ஊறப்போட்டுவிட்டு வந்தேன். அம்மாவிடம் சொல்லவில்லை. கோரைப்பாய் வழக்கில் இன்னும் ஜிம்மிதான் முதல் குற்றவாளி.

வியாழக்கிழமை அப்பாவின் சட்டைப் பைகள் அத்தனையையும் ஊசி நூல் வைத்துத் தைத்தேன். அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. எனக்கே பாவமாக இருந்தது.

இதை எழுதும்போது இருவரும் நடந்துவிட்டுத் திரும்பி வந்து திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார்கள். ஜிம்மி சட்டைப் பக்கமே போகவில்லை. அப்பாவின் வேட்டி மடிப்பை முகர்ந்து முகர்ந்து வாலை ஆட்டிக்கொண்டிருக்கிறது.