கொன்ரோலர் விட்டு விட்டுப் போனால்

எங்கள் வீட்டில் இருப்பது பிளேஸ்டேஷன் 4 ஸ்லிம், ரீவியில் கொழுவி ஆடும் கேம் பெட்டி. கனடாவில் இருக்கும் அத்தான் ஊருக்கு வந்தபோது, தன் பிள்ளைகள் பாவித்ததை உடுப்புகளுக்குள் சுற்றிக் கொண்டுவந்து என் மகனிடம் கொடுத்துவிட்டுப் போனார். பழசுதான், ஆனால் நல்ல நிலை. விசுவமடுவில் எங்கள் ஒழுங்கையில் வேறு வீட்டில் அந்தச் சாமான் இல்லாதபடியால், பின்னேரம் ரியூசன் முடிந்ததும் விறாந்தையில் செருப்புகள் குவிந்துவிடும்.

தொடக்கத்தில் ஒரு கரைச்சலும் இல்லை. பிறகுதான் கையில் பிடித்து ஆடும் கொன்ரோலர் இடையிடையே தொடர்பு விடத் தொடங்கியது. பந்தோடு கோலுக்குக் கிட்டப் போகும்போது முன்பக்கத்து நீல வெளிச்சம் அணையும். ஆட்டம் நிற்கும். கொன்ரோலரைத் திரும்ப இணைக்கச் சொல்லி ரீவியில் ஓர் அறிவிப்பு வரும். நடுவில் உள்ள பிஎஸ் பொத்தானை அமர்த்தினால் வெள்ளையாக மினுங்கிவிட்டு மறுபடியும் நீலமாகும். கொஞ்ச நேரத்தில் திரும்பவும் அதே கதை. தோற்கிறவன் வேண்டுமென்றே அணைக்கிறான் என்று பெடியளுக்குள் சண்டை. ஒருநாள் சண்டை பெரியவர்கள் வரைக்கும் வந்தபிறகுதான் நான் இதைக் கையில் எடுத்தேன்.

ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். மாமி கரண்டைச் சொன்னார். பொழுதுபட்டால் எங்கள் பக்கம் வோல்ற்றேஜ் குறைவதும் ஃபான் சோர்ந்து சுற்றுவதும் உண்மைதான். ஆனால் கொன்ரோலர் ஓடுவது சுவரில் வரும் கரண்டில் அல்ல, தனக்குள் இருக்கும் பற்றரியில். வோல்ற்றேஜ் விழுந்தால் முதலில் பெட்டியோ ரீவியோதான் அணைய வேண்டும். இரண்டும் எரிந்துகொண்டிருக்கக் கொன்ரோலர் மட்டும் போகிறதென்றால் கரண்ட் காரணமாக இருக்க முடியாது. பற்றரி என்றதும் மாமா தொடங்கிவிட்டார். போர் நடந்த பொருளாதாரத் தடைக்காலத்தில் வன்னிக்குள் பற்றரி வரவிடாதபோது, சைக்கிளைக் கவிழ்த்துவைத்துப் பெடலைச் சுற்றி டைனமோவில் ரேடியோ கேட்ட கதை. அந்தக் கதை முடிய நேரம் எடுக்கும், ஆனாலும் நான் இடையில் எழும்புவதில்லை.

பற்றரியையும் பார்த்தேன். பிஎஸ் பொத்தானைக் கொஞ்ச நேரம் அமர்த்திப் பிடித்தால் திரையில் பற்றரியின் படம் வரும். கோடுகள் நிறைந்திருந்தபோதும் கொன்ரோலர் விட்டது. ஆகவே சார்ஜ் குறைவும் இல்லை.

இன்னொன்றையும் பிரித்துப் பார்க்க வேண்டியிருந்தது. சும்மா வைத்திருந்தால் கொன்ரோலர் தானாக அணையும்படி ஒரு நேரக்கணக்கு இருக்கிறது. செற்றிங்ஸில் பவர் சேவ் செற்றிங்ஸுக்குள் போனால் 10 நிமிடம், 30 நிமிடம், 60 நிமிடம், அல்லது அணையவே வேண்டாம் என்று தெரிவு செய்யலாம். எங்களுடையது 10 நிமிடத்தில் இருந்தது. சாப்பிடப் போய் வந்து 'திரும்பவும் விட்டிட்டுது' என்று மகன் கத்தியதில் பாதி இந்தக் கணக்கு. அதை 60 ஆக்கியதும் முறைப்பாடு குறைந்தது, ஆனால் ஓடுகிற ஆட்டத்தின் நடுவில் விடுவது அப்படியே இருந்தது. இரண்டையும் ஒரே வருத்தமாக நினைத்துக்கொண்டிருந்தால் எதுவும் பிடிபட்டிருக்காது.

கிளிநொச்சி ரவுணில் ஒரு கடைக்குக் கொண்டுபோனேன். திறந்துகூடப் பார்க்காமல், உள்ளே, பெட்டியோடு வயரில்லாமல் பேசும் புளூடூத் போர்ட் போய்விட்டது, புதுசு எடுப்பதுதான் நல்லது என்றார்கள். கண்ணாடிப் பெட்டிக்குள் 'ஒரிஜினல்' என்று எழுதி ஒன்று இருந்தது. விலையைக் கேட்டுவிட்டு, யோசித்து வாறன் என்று சொல்லி வெளிக்கிட்டேன். எனக்கு ஒரு பழக்கம்: ஒரு சாமான் பழுதென்று யாராவது சொன்னால், அதே மாதிரி வேறொன்றை அந்த இடத்தில் வைத்துப் பார்த்த பிறகுதான் காசு எடுப்பேன். தண்ணீர் மோட்டர் திருத்துகிறவர்களிடம் படித்தது.

வீட்டுக்கு வந்ததும் முதலில் ரீசெற் செய்தேன். டூவல்ஷொக் 4 கொன்ரோலரின் பின்பக்கத்தில் எல்2 பொத்தானுக்குக் கிட்ட, ஊசி நுழையும் அளவுக்கு ஒரு துளை இருக்கிறது. ஆணித் துளைகளை விடச் சின்னது, வீட்டு மங்கல் வெளிச்சத்தில் தேடினால் கண்ணில் படாது. பெட்டியை முழுதாக அணைத்துவிட்டு, போன் சிம் எடுக்கும் பின்னை உள்ளே விட்டால் மெல்லிய 'டிக்' ஒன்று விரலுக்குத் தெரியும். அப்படியே சில விநாடி அமர்த்திப் பிடித்துவிட்டு, பிறகு வயரில் பெட்டியோடு கொழுவி பிஎஸ் பொத்தானை அமர்த்த வேண்டும்.

அங்கேதான் மாட்டுப்பட்டேன். வயரைக் கொழுவியதும் கொன்ரோலர் சார்ஜ் ஏறியது, ஆனால் பெட்டி அதை அறியவில்லை. தர்மபுரத்தில் இருக்கும் சிநேகிதனிடம் இரவல் வாங்கி வந்த கொன்ரோலரும் அதே மாதிரி. ஒரே நேரத்தில் இரண்டும் பழுதாக இருக்காதே என்று வயரைப் பார்த்தேன். பழைய போன் சார்ஜரோடு வந்த வயர் அது. அதே வயரில் போனைக் கொம்பியூட்டரோடு கொழுவினால் போன் சார்ஜ் ஏறும், படங்கள் ஒன்றும் திறக்காது. சந்தேகம் தீர, எப்படியும் எறியத்தானே போகிறோம் என்று பிளேட்டால் தோலைச் சீவிப் பார்த்தேன். உள்ளே சிவப்பு ஒன்று, கறுப்பு ஒன்று, அவ்வளவுதான். கரண்ட் போக இந்த இரண்டும் காணும். விபரம் போய்வர வெள்ளையும் பச்சையுமாக இன்னும் இரண்டு கம்பி வேண்டும். கடைகளில் மலிவாகத் தொங்கும் வயர்களில் இப்படிச் சார்ஜுக்கு மட்டும் ஆனவை கனக்க இருக்கின்றன, வெளியில் பார்த்தால் வித்தியாசம் தெரியாது. மைக்ரோ யூஎஸ்பி வயர் வாங்கும்போது 'டேட்டா கேபிள்' என்று வாய்திறந்து கேளுங்கள், முடிந்தால் கடையிலேயே ஒரு போனைக் கொழுவிக் காட்டச் சொல்லுங்கள்.

நாலு கம்பி உள்ள வயர் வந்ததும் எங்களுடையதும் இரவல் கொன்ரோலரும் ஒரே தரத்தில் இணைந்தன. சரி, முடிந்தது என்று எல்லாரும் ஆடப் போனார்கள். நடு ஆட்டத்தில் விட்டது. இரவல் கொன்ரோலர்! தர்மபுரத்தில் ஒருநாளும் விடாதது எங்கள் வீட்டுக்கு வந்ததும் விட்டது. புதுசு வாங்கியிருந்தால் அதுவும் இதைத்தான் செய்திருக்கும்.

அடுத்த பரீட்சை இன்னும் தெளிவானது. 2016இல் வந்த திருத்திய டூவல்ஷொக் 4இல், தொடுபலகையின் மேல் விளிம்பில் மெல்லிய வெளிச்சக் கோடு தெரியும். இந்த வகையை வயர் வழியாகவே பேச வைக்கலாம். செற்றிங்ஸ், டிவைசஸ், கொன்ரோலர்ஸ் என்று போய், தொடர்புமுறையை யூஎஸ்பி கேபிளுக்கு மாற்ற வேண்டும். முந்திய வகைக்கு இந்த வசதி இல்லை, வயர் இருந்தாலும் காற்றில்தான் பேசும். எங்களுடையது திருத்திய வகை. வயரில் ஆடவிட்டேன். ஒரு தரமும் விடவில்லை. கொன்ரோலர் சுகம், பெட்டி சுகம், இரண்டுக்கும் நடுவில் இருக்கும் காற்றில்தான் ஏதோ இருக்கிறது.

துப்பைத் தந்தது மருமகன், என் தங்கையின் மூத்தவன். "மாமா, கிரிக்கெட் விளையாடினா விடாது. உதைபந்தாட்டத்தில மட்டும்தான்." இவ்வளவு நாளும் ஏன் சொல்லவில்லை என்றால், நீங்கள் கேட்கவில்லையே என்றான். கிரிக்கெட் பெட்டிக்குள்ளேயே இருந்தது. உள்ளே இருக்கும் 500 ஜிபி நிரம்பியதால், பிறகு ஏற்றிய உதைபந்தாட்டத்தை வெளியே கொழுவும் ஹார்ட் டிஸ்கில் போட்டிருந்தோம். அதன் அப்டேட்டுகளை இரவு டேட்டாவில் விடியவிடிய இறக்கியதும் அதில்தான். அந்த டிஸ்கோடு வந்த வயர் ஒரு சாண் நீளம். ஸ்லிம்மில் யூஎஸ்பி ஓட்டைகள் இரண்டும் முன்பக்கத்தில். ஆகவே டிஸ்க் எப்போதும் பெட்டியின் மேலேயே, பிள்ளைகளைப் பார்த்தபடி படுத்துக் கிடந்தது.

யூஎஸ்பி 3.0 வேகத்தில் ஓடும் டிஸ்கும் அதன் வயரும் வேலை செய்யும்போது வானொலி இரைச்சலைக் கக்கும். அந்த இரைச்சல் 2.4 கிகாஹேர்ட்ஸ் என்ற வானொலி அலைப் பகுதியிலும் பரவி விழும். இன்டெல் நிறுவனமே 2012இல் இதை அளந்து ஓர் அறிக்கை வெளியிட்டது. புளூடூத் பேசுவதும் அதே இடத்தில், 2.402 முதல் 2.480 கிகாஹேர்ட்ஸ் வரை. வைஃபை மாதிரி ஒரு பகுதியை மட்டும் பிடித்துக்கொள்ளும் இடைஞ்சல் என்றால் புளூடூத் சமாளிக்கும். தன் 79 அலைவரிசைகளுக்குள் விநாடிக்கு 1600 தரம் வரை தாவி, நெருக்கடியான இடங்களை விட்டு விலகிப் பேசும். டிஸ்கின் இரைச்சலோ எல்லா அலைவரிசையிலும் ஒரேயடியாக விழுகிறது, தாவினாலும் தப்ப இடமில்லை. வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலில் ஒலிபெருக்கிக் கம்பத்துக்குக் கீழே நின்று காதோடு கதைக்கப் பார்த்தவர்களுக்கு இது விளங்கும். டிஸ்க் கூடுதலாக வாசிப்பது ஆட்டம் புதிய காட்சி ஏற்றும் நேரத்தில். பெடியள் குறிப்பாக 'இடைவேளை முடியவும் விடும்' என்று சொன்னதற்கும் அது பொருந்தியது.

இன்னொரு துணைக் காரணமும் இருந்தது. 2.4 கிகாஹேர்ட்ஸ் அலையை மனித உடம்பில் உள்ள தண்ணீர் நன்றாக உறிஞ்சும். ஆடுகிறவன் பின்னால் கதிரையில் இருக்க, பார்க்கிறவர்கள் எல்லாரும் ரீவிக்கு முன்னால் நிலத்தில் குந்தியிருந்தார்கள். ராத்திரி நான் தனியே ஆடிப் பார்த்தபோது குறைவாக விட்டதற்குக் காரணம் அந்தக் கூட்டம் இல்லாததுதான் என்று நினைக்கிறேன்.

டிஸ்கைக் கழற்றித்தான் உறுதிப்படுத்தினேன். சும்மா பிடுங்கக் கூடாது, உள்ளே இருக்கும் ஆட்டங்கள் கெட்டுப்போகக்கூடும். யூஎஸ்பி ஸ்ரோரேஜ் பகுதிக்குள் போய்ப் பாவனையை நிறுத்தச் சொல்லிவிட்டுத்தான் கழற்ற வேண்டும். முதலில் பெட்டிக்குள் இடம் எடுத்து உதைபந்தாட்டத்தை அங்கே மாற்றி, பிறகு டிஸ்கைக் கழற்றிவிட்டு, அன்று முழுக்கக் கூட்டத்தோடு ஆடவிட்டேன். விடவில்லை. டிஸ்கைத் திரும்பப் பழைய இடத்தில் கொழுவி, ஆட்டத்தை அதற்கே மாற்றி அதிலிருந்து ஓட்டியதும் விட்டது. அதற்குப் பிறகு வாதாட ஒன்றும் இல்லை.

டிஸ்கை எறியத் தேவையில்லை, தூர வைத்தால் போதும். ஒரு மீற்றர் நீளமான, நல்ல கவசம் உள்ள யூஎஸ்பி 3.0 நீட்டு வயர் வாங்கி, டிஸ்கை ரீவி மேசைக்குப் பின்னால் கீழ்த்தட்டில் வைத்தேன். அதைவிட நீளம் வேண்டாம், நீளம் கூடினால் டிஸ்கே விட்டு விட்டு வரக்கூடும். அலுமினியத் தாளால் டிஸ்கைச் சுற்றலாம் என்று மகன் ஒரு யோசனை சொன்னான். வேலை செய்யக்கூடும், ஆனால் நம்மூர் வெயிலுக்கு டிஸ்க் வெந்துபோகும் என்று விட்டுவிட்டேன்.

வைஃபை பரப்பும் ரவுட்டரையும் தள்ளி வைத்தேன். சிக்னல் பிடிக்கும் ஜன்னல் ரீவிக்குப் பக்கத்தில் இருப்பதால் 4ஜி ரவுட்டர் அங்கேயே நின்றது. அதை அடுத்த அறை ஜன்னலுக்குக் கொண்டுபோனதில் சிக்னல் ஒரு கோடு குறைந்ததே தவிர, கொன்ரோலருக்குப் பெரிய வித்தியாசம் தெரியவில்லை, அதனால் திரும்பப் பழைய இடத்துக்கே வந்துவிட்டது. உங்கள் ரவுட்டரில் 5 கிகாஹேர்ட்ஸ் இருந்தால் ஸ்லிம்மை அதற்கு மாற்றிப் பார்க்கலாம். 2013இல் வந்த முதல் பிளேஸ்டேஷன் 4 அந்த அலையைப் பிடிக்காது.

இப்போது கொன்ரோலர் விடுவதில்லை. இரவல் வாங்கியதைத் துடைத்து, நன்றி சொல்லித் தர்மபுரத்தில் கொடுத்துவிட்டு வந்தேன். அன்றிரவே சிநேகிதன் போன் எடுத்தான். "என்னடா செய்தனி, பொத்தானை அமர்த்தினா பெட்டி எழும்புதில்லை!" கொன்ரோலர் கடைசியாக இணைந்த பெட்டியைத்தான் நினைவு வைத்திருக்கும், வயரில் கொழுவித் திரும்ப அறிமுகப்படுத்து என்றேன். கொழுவினானாம், சார்ஜ் மட்டும் ஏறுகிறதாம். வீட்டில் இருந்த ஒரே நல்ல வயரைக் கொடுத்துவிட்டேன். அது இன்னும் திரும்பி வரவில்லை.