ஆவடிக்குப் போன சராசரி

போன வாரம் ட்யூஷன்ல எட்டாம் கிளாஸ் பசங்களுக்கு புள்ளியியல் ஆரம்பிச்சேன். முதல்நிலைத் தரவு, இரண்டாம்நிலைத் தரவுன்னு டெஃபனிஷன்ல தொடங்கினா மனப்பாடம் பண்ணி எழுதிட்டு அப்படியே மறந்துடுவாங்க, அதனால புக்கை மூடி வைங்க, ஆளுக்கு ஒரு கேள்வி எழுதுங்க, அதை இங்க இருக்கற எல்லார்கிட்டயும் கேக்கணும்னு சொல்லிட்டேன்.

முதல்ல வந்தது "மிஸ்ஸோட வயசு என்ன?" ஒரே சிரிப்பு. சரிடா, அதுக்கு பதில் ஒண்ணுதான, பத்து பேர்கிட்ட போய் கேட்டாலும் ஒண்ணுதான் (நான் சொல்ல மாட்டேன்ங்கறது வேற விஷயம்), அப்புறம் எதுக்கு பத்து பேர்கிட்ட கேக்கணும்னேன். ஒரு பொண்ணு டக்குன்னு பிடிச்சிக்கிட்டா, "அப்போ ஆளுக்கு ஆள் பதில் மாறணும், அப்படித்தான மிஸ்?" அவ்ளோதான், புள்ளியியல் கேள்வின்னா அதுதான். மாறும்னு எதிர்பார்த்து கேக்கறது. ஸ்கூல்ல எத்தனை கிளாஸ்ரூம்ங்கறது எண்ணி சொல்ற விஷயம், வீட்டுல இருந்து ஸ்கூலுக்கு வர எத்தனை நிமிஷம் ஆகுதுங்கறது நம்ம கேள்வி.

அடுத்து தரவு வகை. நம்பரா வந்தா எண் தரவு, வார்த்தையா வந்தா வகைத் தரவுன்னு ஒரு பையன் ரொம்ப கான்ஃபிடென்டா சொன்னான். எல்லாரும் விழற குழி இதுதான், நானும் படிக்கும்போது விழுந்திருக்கேன். நீ எங்கடா இருக்கேன்னு கேட்டேன், ஆதம்பாக்கம். பின்கோடு? 600088. பக்கத்துல இருந்தவன் அடையாறு, 600020. ரெண்டுக்கும் சராசரி போடுன்னேன். கூட்டி ரெண்டால வகுத்து 600054ன்னு பெருமையா காட்டினான். அது எந்த ஊர்னு போன்ல பாருன்னு சொன்னா, ஆவடி! அடையாறுக்கும் ஆதம்பாக்கத்துக்கும் நடுவுல ஆவடி எப்படிடா வரும், அது எங்கயோ பட்டாபிராம் பக்கம்ல இருக்குன்னு ஒரே கத்தல். பின்கோடுங்கறது நம்பர் வேஷம் போட்ட பேரு, அதனால அது வகைத் தரவுதான். கூட்டினாலும் வகுத்தாலும் அர்த்தம் கிடையாது, எந்த பின்கோடு அதிகமா வருதுன்னு வேணா பாக்கலாம், அதாவது முகடு. தோனி ஜெர்சி 7, கோலி 18, சராசரி 12.5, அந்த ஜெர்சிய யாருக்கு குடுப்பேன்னு கேட்டதும் மத்தவனுக்கும் புரிஞ்சிடுச்சு.

தொடர்ச்சியான தரவு, தொடர்ச்சியற்ற தரவு சீக்கிரம் முடிஞ்சிடும்னு நினைச்சேன். உயரம்னா 148க்கும் 149க்கும் நடுவுல எது வேணா வரலாம், வீட்டுல எத்தனை பேர்னா முழு எண்தான். சொல்லி வாய மூடல, ஒருத்தன் நோட்டுல 4½ன்னு எழுதியிருக்கான். என்னடா இதுன்னா, "பாட்டி பதினஞ்சு நாள் எங்க வீடு, பதினஞ்சு நாள் சித்தப்பா வீடு மிஸ்". நான் சிரிச்சிட்டேன், ஆனா அவன் மேல தப்பே இல்ல, கேள்விதான் சரியில்ல. பத்து வீட்டோட சராசரி 4.5ன்னு வரலாம், ஒரு வீட்டுல அரை பாட்டி இருக்க முடியாது.

அப்போதான் சென்சஸ் கதைய சொன்னேன். 2011 கணக்கெடுப்புல பிப்ரவரி 9ல இருந்து 28 வரைக்கும் வீடு வீடா போனாங்க, ஆனா கணக்கு மார்ச் 1 பிறக்கற நள்ளிரவுக்குத்தான், அதனால அதுக்குள்ள பொறந்தவங்க இறந்தவங்கள சரிபண்ண மார்ச் முதல் வாரத்துல திரும்ப ஒரு தடவ போனாங்க. ஒரு நேரத்த பிடிச்சு வெச்சுக்கலன்னா எண்ணவே முடியாது. உடனே பசங்களே கேள்விய மாத்திட்டாங்க, "நேத்து ராத்திரி உங்க வீட்டுல எத்தனை பேர் தூங்கினாங்க?"

நம்ம 4½ பையன் விரல் விட்டு எண்ணி, அடிச்சிட்டு 6ன்னு எழுதினான். நேத்து மதுரைல இருந்து மாமாவும் அத்தையும் வந்திருக்காங்களாம், பாட்டி சித்தப்பா வீட்டுல.