சவானாவில் ஒரு பேய் நடை

"அக்கா, ராத்திரி ஒன்பது மணிக்குப் பேய் டூர். டிக்கெட் எடுத்துட்டேன், பயப்பட மாட்டியே?" என்று தம்பி கேட்டபோது கார் சவானாவுக்குள் நுழைந்துகொண்டிருந்தது. அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்துப் பழைய ஊர் அது; அட்லாண்டாவிலிருந்து நான்கு மணி நேரப் பயணம்.

முதலில் கண்ணில் பட்டவை மரங்கள்தான். தெருவின் இரு பக்கமும் லைவ் ஓக் மரங்கள் கிளைகளை நீட்டி மேலே கைகோத்திருக்கின்றன. ஒவ்வொரு கிளையிலும் ஸ்பானிஷ் மாஸ் என்ற தொங்கு செடி நரைத்த சடைபோல் தொங்குகிறது. 1733இல் ஜேம்ஸ் ஓகல்தார்ப் என்ற ஆங்கிலேயர் இந்த ஊரை உண்டாக்கியபோது வீடுகளுக்கு நடுவே சதுக்கங்கள் விட்டுத் திட்டம் போட்டார். ஊர் வளர வளர அவை 24 ஆயின. இன்று 22 இருக்கின்றன. ஒரு சதுக்கத்தில் இளைப்பாறி எழுந்து நடந்தால் இரண்டு மூன்று நிமிடத்தில் அடுத்தது வந்துவிடுகிறது. இவ்வளவு நடக்கத் தோதான அமெரிக்க ஊரை நான் பார்த்ததில்லை.

பகலில் ஓவன்ஸ்-தாமஸ் மாளிகைக்குப் போனோம். வில்லியம் ஜே என்ற இளம் கட்டடக் கலைஞர் வடிவமைத்து 1819இல் முடித்த வீடு. அந்தக் காலத்திலேயே மழைநீரைத் தொட்டிகளில் சேர்த்து வீட்டுக்குள் குழாய்த் தண்ணீர் வரவைத்திருக்கிறார்கள். 1825இல் இந்த ஊருக்கு வந்த, அமெரிக்க விடுதலைப் போரில் பங்கெடுத்த பிரெஞ்சுத் தளபதி லஃபாயெத் பக்கவாட்டு மாடத்தில் நின்று மக்களிடம் பேசினாராம். எல்லாம் அழகுதான். ஆனால் என்னைப் பிடித்து நிறுத்தியது தோட்டத்துக்குப் பின்னால் இருக்கும் அடிமைகள் குடியிருப்பு.

சின்ன அறை. அண்ணாந்து பார்த்தால் கூரையெல்லாம் நீலம். வெளுத்து, அங்கங்கே உதிர்ந்து, மரச்சட்டங்களின் இடுக்குகளில் மட்டும் இன்னும் அடர்த்தியாக ஒட்டியிருக்கும் நீலம். இதற்கு 'ஹெயிண்ட் ப்ளூ' என்று பெயர். ஹெயிண்ட் என்றால் இந்தப் பக்கத்துப் பேச்சில் ஆவி. ஆவிகளால் தண்ணீரைத் தாண்ட முடியாது, நீலத்தைக் கண்டால் தண்ணீர் என்று நினைத்துத் திரும்பிவிடும் என்பது ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்டவர்களின் வழிவந்த கல்லா கீச்சி மக்களின் நம்பிக்கை. அவுரிச் சாயம், சுண்ணாம்பு, மோர் சேர்த்துக் குழைத்த பூச்சு. பகலெல்லாம் பிறர் வீட்டுக்கு உழைத்தவர்கள், தூங்கும் நேரத்திலாவது தங்களைக் காத்துக்கொள்ளப் பூசியது. அந்தக் கூரைக்குக் கீழே வெகுநேரம் நின்றேன். பேய் நடைக்குப் போகிறவர்கள் அதற்கு முன்னால் இங்கே அவசியம் வர வேண்டும்.

ஃபர்ஸ்ட் ஆஃப்ரிக்கன் பாப்டிஸ்ட் தேவாலயமும் அப்படித்தான். அடிமைகள் பகல் வேலை முடிந்து இரவில் வந்து கட்டி, 1859இல் முடித்த கட்டடம். கீழ்த்தளத்தின் மரத்தரையில் வைர வடிவில் சின்னச் சின்னத் துளைகள். காங்கோ மக்களின் பிரபஞ்சக் குறி அது என்றும், அடிமைத்தனத்திலிருந்து தப்பியோடி வந்து தரைக்கு அடியில் ஒளிந்திருந்தவர்கள் மூச்சு விடுவதற்கான துளைகள் என்றும் சபையினர் சொல்கிறார்கள். குனிந்து ஒரு துளையில் விரல் வைத்துப் பார்த்தேன். சில்லென்று இருந்தது.

இரவு ஒன்பதுக்கு வழிகாட்டி கையில் லாந்தருடன் வந்தார். கதை சொல்லத் தெரிந்தவர், குரலை எங்கே தாழ்த்த வேண்டும் என்று அறிந்தவர். காலனியல் பார்க் கல்லறைத் தோட்டத்தின் இரும்பு வேலிக்கு வெளியே நிறுத்தினார். 1853க்குப் பிறகு அங்கே யாரையும் புதைக்கவில்லை. 1820இல் மஞ்சள் காய்ச்சலுக்குப் பலியான ஏறக்குறைய 700 பேர் அங்கே கிடக்கிறார்கள். இடம் பெயர்ந்த கல்லறைக் கற்கள் பல, கிழக்குச் சுவரில் வரிசையாகப் பதிக்கப்பட்டிருக்கின்றன.

பிறகு ரைட் சதுக்கம். 1735இல் எஜமானைக் கொன்றதாகத் தூக்கிலிடப்பட்ட ஆலிஸ் ரைலி, தன் குழந்தையைத் தேடி அங்கே அலைகிறாளாம். கூட்டம் மூச்சைப் பிடித்துக் கேட்டது. எனக்கோ அதே சதுக்கத்தில் புதைக்கப்பட்ட டோமோசீசியின் நினைவு. ஓகல்தார்ப் வந்து இறங்கியபோது ஊர் எழுப்ப இடம் விட்ட, யமக்ரா என்ற பூர்வகுடி மக்களின் தலைவர் அவர். 1739இல் இறந்தபோது ஓகல்தார்ப்பே பாடை சுமந்து, மரியாதையோடு அடக்கம் செய்தார். 1883இல் அந்த இடத்திலேயே ஒரு ரயில்வே முதலாளிக்கு நினைவுச் சின்னம் எழுப்பிவிட்டார்கள். அந்த முதலாளியின் மருமகளே மனம் கேளாமல் முன்னின்று, 1899இல் சதுக்கத்தின் ஓரத்தில் ஒரு கருங்கல் பாறையை டோமோசீசியின் பெயரில் வைக்கச் செய்தார். வழிகாட்டி அவரை ஒரே வரியில் கடந்துவிட்டார். எனக்கு ஆறவில்லை.

"என்னக்கா, பேய் வரலையேன்னு வருத்தமா?" என்றான் தம்பி. "நாளைக்குக் காலையில ஒரு இடத்துக்குக் கூட்டிட்டுப் போ" என்றேன்.

ஊருக்கு மேற்கே, சாதாரண வீடுகளுக்கு நடுவே ஒரு சின்னப் பூங்கா. டூர் வண்டி எதுவும் கண்ணில் படவில்லை. 1859 மார்ச் 2, 3 தேதிகளில் அதற்குப் பக்கத்தில் இருந்த குதிரைப் பந்தயத் திடலில் பியர்ஸ் பட்லர் என்ற தோட்ட முதலாளி தன் கடனை அடைக்க 436 பேரை ஏலம் விட்டார். கிடைத்தது 3,03,850 டாலர். இரண்டு நாளும் அடைமழை. 'அழுகையின் காலம்' என்றே மக்கள் அதை நினைவில் வைத்திருக்கிறார்கள். அடிமைகள் அந்தத் தேவாலயத்தைக் கட்டி முடித்ததும் அதே ஆண்டில்தான்.

2008இல் நட்ட ஒரு பலகை நிற்கிறது. ஏலப் பட்டியலின் முதல் நான்கு வரிகளைக் கைபேசியில் எடுத்துவைத்திருந்தேன். தம்பிக்குப் படித்துக் காட்டினேன். ஜார்ஜ், வயது 27, பருத்தி வேலையில் தேர்ந்தவன். சூ, 26, நெல் வேலையில் தேர்ந்தவள். ஜார்ஜ், 6, சிறுவன். ஹாரி, 2, சிறுவன். தலைக்கு 620 டாலர்.

"ரெண்டு வயசுக்கும் அதே விலையா?" என்றான்.

"அதே விலைதான்டா."