கருப்பட்டி போன பிறகு

மே 21

எங்கள் முயல் கருப்பட்டி நேற்று ராத்திரி இறந்துவிட்டது. கொல்லையில் முருங்கை மூட்டில் புதைத்தோம். தெருநாய் கிளறிவிடக் கூடாதே என்று தம்பி ஆழமாகத் தோண்டி, மேலே கல்லும் வைத்தான். இன்றைக்கு இதற்கு மேல் எழுத வரவில்லை.

மே 23

அன்று காலையில் தட்டில் புழுக்கையே இல்லை. முந்தின நாள் வைத்த வேலிமசால் தழை வாடிக் கிடந்தது. முயல் வளர்ப்பவர்களுக்கு அது போதும், வயிறு நின்றுவிட்டது என்று தெரிந்துவிடும். முயலுக்கு வாந்தி எடுக்க வராது. குடல் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். நின்றால் வாயு சேரும், வலியில் இன்னும் சாப்பிடாது.

முதலில் போன இடத்தில், "முயலுக்கெல்லாம் யாரு வைத்தியம் பாக்கா? வேற ஒண்ணு வாங்கிக்கோங்க" என்றார்கள். அப்புறம் ஆட்டோ பிடித்து ராமையன்பட்டி கால்நடைக் கல்லூரிக்குப் போனோம். அங்கே பொறுமையாகப் பார்த்தார்கள், குளுக்கோஸ் ஏற்றினார்கள். எட்டு வயது உடம்பு, போதாக்குறைக்கு அக்னி நட்சத்திர வெயில். முயலுக்கு வியர்க்காது, சூடு பெரும்பாலும் காது வழியாகத்தான் இறங்க வேண்டும். வீட்டுக்கு வந்ததும் ஈரத்துணியால் காதைத் துடைத்துக்கொண்டே இருந்தேன்.

மே 26

"வீடு வெறிச்சுன்னு இருக்குமே" என்று பக்கத்து வீட்டுப் பெரியம்மை கேட்டார்கள். சத்தமே போடாத பிராணி அது. ஆனால் அதனால் குணமும் கிடையாது என்று நினைத்தால், எங்கள் ஆச்சியைத்தான் கேட்க வேண்டும்.

ஆபத்து வந்தால் முயல் பின்காலைத் தரையில் ஓங்கி அடித்து மற்ற முயல்களை எச்சரிக்கும். கருப்பட்டி குக்கர் விசிலுக்கு அடிக்கும், ஆச்சி சீரியல் சத்தத்தைக் கூட்டினால் இரண்டு மடங்கு அடிக்கும். தாடைக்கு அடியில் வாசனைச் சுரப்பி உண்டு. அதைத் தேய்த்துவிட்டால் அந்தப் பொருள் தன்னுடையது என்று கணக்கு. ஆச்சியின் வெற்றிலைப் பெட்டியை தினமும் தேய்க்கும். அந்தச் சொத்து வழக்கு கடைசிவரை தீரவில்லை.

நெற்றியைத் தடவினால் பல்லை லேசாக உரசும், விரலில் அந்த அதிர்வு தெரியும். அது சுகத்தில் வருவது. வலி வந்தால் உரசல் காதில் விழும் அளவுக்குப் பலமாக இருக்கும். அந்தக் கடைசி ராத்திரி கேட்டது இரண்டாவது. டாக்டர் சொல்லவில்லை, எனக்கே தெரிந்துவிட்டது.

ஜூன் 4

காய் வண்டி அண்ணாச்சி வழக்கம்போல முள்ளங்கி இலையைத் தனியாகக் கட்டி வைத்திருந்தார். விஷயத்தைச் சொன்னேன். "அட பாவமே" என்றார், ஆனால் கட்டைத் திரும்ப வாங்கவில்லை. ஆச்சி பொரியல் வைத்தாள். நன்றாகவே இருந்தது.

ஜூன் 11

எதிர்வீட்டுப் பையன் முயல் வாங்கப் போகிறானாம். கேரட் எல்லாம் எப்போதாவது ஒரு துண்டு, தினமும் புல்தான் என்றேன். பல் ஆயுசுக்கும் வளர்ந்துகொண்டே இருக்கும், மென்றுதான் தேய வேண்டும். காதைப் பிடித்துத் தூக்கக் கூடாது. ஆணும் பெண்ணுமாக வாங்கினால் ஒரு மாதத்தில் குட்டி போட்டுவிடும்.

"காட்டு முயல் யாராவது பிடிச்சுக் கொடுத்தா?" என்றான். அது வேற இனம்ல, 1972 வனவிலங்குச் சட்டப்படி பிடிப்பதே குற்றம் என்றேன். முகம் சுருங்கிவிட்டது.

அப்புறம் மெதுவாக, "அண்ணே, அந்தக் கூண்டைத் தருவியளா?" என்று கேட்டான். பலகைத் தரை போட்ட கூண்டு, பாதம் புண்ணாகாது. குற்றாலத்தில் சாரல் பிடித்து இங்கேயும் வெயில் தணியட்டும், அதற்கு முன்னால் முயல் வாங்காதே, வாங்கும்போது வந்து தூக்கிக்கொண்டு போ என்று சொல்லியிருக்கிறேன்.