சமணர் மலையில லென்ஸும் கையுமா

மதுரைக்குப் பக்கத்துல நாகமலை புதுக்கோட்டையில பஸ்ஸ விட்டு இறங்குனா, சமணர் மலை அடிவாரத்துல இருக்கற கீழக்குயில்குடிக்கு ஆட்டோ 300 ரூவாயாம். "அண்ணே, நாங்க கொடைக்கானலுக்கா போறோம்?"னு கேட்டேன், சிரிக்கவே இல்ல. கூட வந்தவன் "மாப்ள, வெயில் ஏறுதுடா, குடுத்துத் தொலை"ன்னான். 200க்கு முடிஞ்சுது, ஆனா அந்தக் காசுக்கு பத்து மடங்கு பெருசாக் காட்டுற இன்னொரு லென்ஸே வாங்கிருக்கலாம், இன்னும் வயிறு எரியுது.

அய்யனார் கோயில், தாமரைக் குளம், ஆலமரம்னு எல்லாரும் எழுதியாச்சு, நான் தாண்டிப் போறேன். மலை மேல பேச்சிப்பள்ளம்ங்கற இடத்துல வரிசையா இருக்கற சமணச் சிற்பங்கள் 9, 10ஆம் நூற்றாண்டு சமாச்சாரம், கீழ வட்டெழுத்து வேற, கண்டிப்பா பாருங்க. நான் போனது பாறையில திட்டுத் திட்டா ஒட்டிருக்கே, அந்த லைக்கனுக்காக.

தூரத்துல பாத்தா யாரோ சுண்ணாம்ப சிந்துன மாதிரிதான் இருக்கும். லென்ஸ கண்ணோட ஒட்டி வச்சு, மூஞ்சிய பாறைக்கு ரெண்டு விரக்கடை கிட்ட கொண்டு போனா அது வேற உலகம் சாமி! சாம்பல் தோல் முழுக்க வெடிப்பு, நடு நடுவுல கடுகவிட சின்னதா கருப்பு வட்டம், விளிம்போட. அதுலதான் பூஞ்சை தன் வித்துகள உண்டாக்குது. லைக்கன்ங்கறது ஒரே உயிர் இல்ல, வீடு கட்டுறது பூஞ்சை, வெயில வச்சு சமைச்சுப் போடுறது உள்ள இருக்கற பாசியோ நீலப்பச்சைப் பாக்டீரியாவோ. நம்பலன்னா தண்ணி பாட்டில்ல இருந்து ரெண்டு சொட்டு விடுங்க, சாம்பல் திட்டு கண்ணு முன்னாடியே பச்சையாகுது, ஏன்னா நனைஞ்சா மேல்தோல் கண்ணாடி மாதிரி ஆயி உள்ள இருக்கற பாசி தெரியுது.

பாறையில மேல இருந்து கீழ ஓடுற கருப்புக் கோட்ட புகைன்னு நெனைக்காதீங்க, மழைத்தண்ணி வழியற தடத்துல நீலப்பச்சைப் பாக்டீரியா குடியிருக்கு. அடிவாரத்துல ஒரு பழைய செங்கல் சுவரு, அங்க சுண்ணாம்புச் சாந்து இருக்கற இடுக்குல மட்டும் ஆரஞ்சு கலர்ல ஒண்ணு, பக்கத்துக் கருங்கல்லுல அது இல்லவே இல்ல. அதனால பேரு தேடும்போது கலருக்கு முன்னாடி எந்தக் கல்லுன்னு எழுதி வைங்க. ஃபோன் ஆப் சொல்ற பேர நான் நம்பறதில்ல, பல லைக்கன போட்டோவ மட்டும் வச்சு முடிவு பண்ணவே முடியாது.

"தம்பி, பாறையில என்னத்த மோந்து பாக்குறீக?"னு ஆடு மேய்க்கிற பெரியவர் ஒருத்தரு. "பாசி ஐயா"ன்னேன். "அது கடையிலேயே விக்குதேப்பா!"

சரியாத்தான் சொன்னாரு! பிரியாணில போடுற கல்பாசியும் லைக்கன்தான். மதியம் ஊருக்குள்ள சாப்பிட்ட மட்டன் சுக்காவுல அந்த வாசம் தூக்குச்சு, தட்டு 220, ஒரு ரூவா கூட வருத்தமில்ல.

பாறையில சுரண்டாதீங்க, பாதுகாக்கப்பட்ட இடம், அதோட பல லைக்கன் வருஷத்துக்கு ஒரு மில்லிமீட்டர் கூட வளராது. அதுமேல பெயிண்டுல காதலி பேரு எழுதறவன என்ன சொல்ல. கலர் மாறுதான்னு பாத்து லைக்கன அடையாளம் காண்ற ரசாயன டெஸ்ட் பண்ணணும்னா பலசரக்குக் கடையில பத்து ரூவாய்க்குக் கல்பாசி வாங்குங்க, மேல்தோலக் கீறி உள்ள வெள்ளையா இருக்கற இடத்துல பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசல் ஒரு சொட்டு, கையில உறை போட்டுக்கிட்டு. எனக்கு மஞ்சளாச்சு.