மருந்து முகாமைப் பயிற்சிக்குப் போகிறீர்களா? களஞ்சியப் பதிவேட்டையும் கொண்டு போங்கள்

முன்பரீட்சையில் இருபது கேள்வி. எனக்குச் சரிவந்தது ஒன்பது. மட்டக்களப்பு மாவட்டத்து ஆதார வைத்தியசாலை ஒன்றில் பதினாறு வருடமாக மருந்தாளராக இருப்பவனுக்கு ஒன்பது என்றால் மத்தியானச் சோறு இறங்குமா? கல்லடிப் பக்கம் ஒரு மண்டபத்தில் ஐந்து நாள் பயிற்சி. வைத்தியசாலைக்கு எந்த மருந்தை எடுப்பது, எதைக் கழிப்பது, எவ்வளவு கேட்பது என்பதுதான் பாடம். அடுத்த முறை போகவிருக்கும் இரண்டு மூன்று பேர் என்ன படிப்பது என்று கேட்டார்கள். அவர்களுக்காக இது.

என்னைக் கவிழ்த்த கேள்வி இது: 100 கட்டில், வருடம் முழுக்க சராசரியாக 80 வீதம் நிரம்பியிருக்கிறது. செஃப்ட்ரியாக்சோன் என்ற நுண்ணுயிர் எதிரி ஊசி 1 கிராம் குப்பி 1,460 முடிந்திருக்கிறது. நூறு கட்டில் நாளுக்கு எத்தனை டிடிடி? டிடிடி என்றால் பெரியவர் ஒருவருக்கு ஒரு நாளைக்கு வழக்கமாகப் போகும் அளவு என்று உலக சுகாதார நிறுவனம் மருந்துக்கு மருந்து வகுத்து வைத்த கணக்கு. செஃப்ட்ரியாக்சோனுக்கு 2 கிராம். ஆக 730 டிடிடி. அதுவரை சரி. அப்புறம் 100ஐ 365ஆல் பெருக்கி 36,500 என்று எழுதி, விடை 2 என்று கோடு போட்டுவிட்டேன். ஆள் படுத்திருந்த கட்டிலை மட்டும்தான் எண்ண வேண்டும்: 36,500இல் 80 வீதம், கட்டில் நாள் 29,200, விடை 2.5. பக்கத்தில் இருந்த தாதி அக்கா மெதுவாகச் சொன்னார்: “வெறுங் கட்டிலுக்கு யார் தம்பி ஊசி போடுறது?”

கணக்குகளை முதலே நாலைந்து தரம் செய்து பாருங்கள். செலவைப் பார்த்து மருந்துகளை அடுக்கும் ஏபிசி பகுப்பாய்வும் அப்படித்தான். எண்ணிக்கையைப் பார்த்து அடுக்கினால் பரசிட்டமோல் முதலில் வந்து நிற்கும், அது பிழை. ஒரு வருடத்தில் முடிந்த அளவை விலையால் பெருக்கி, பெரிய தொகையிலிருந்து கீழே இறக்க வேண்டும். பத்து இருபது வீதமான மருந்துகளே செலவில் முக்கால்வாசியை விழுங்குவது அப்போது தெரியும். உங்கள் களஞ்சியத்தின் ஒரு வருடக் கணக்கை எக்செலில் போட்டுக் கையோடு கொண்டு போங்கள். அங்கே தரும் மாதிரித் தரவு அழகாக இருக்கும், ஆனால் நம் பதிவேட்டில் உள்ள கோளாறு எதுவும் அதில் இராது.

கோளாறு என்றால் இப்படி. ஆறு மாதத்தில் 18,000 மாத்திரை முடிந்தது. மாதம் 3,000 என்று எழுதி அனுப்புவோம். ஆனால் அதில் ஒன்றரை மாதம் தட்டு வெறுமையாகக் கிடந்தது. 18,000ஐ நாலரையால் பிரித்தால்தான் உண்மைத் தேவை: 4,000. 2022 தட்டுப்பாட்டு வருடத்துப் பதிவேட்டை எடுத்துப் பாருங்கள். பாதி மருந்து யாருக்கும் தேவைப்படவில்லை போலவே இருக்கும். வெளியே வாங்கச் சொல்லித் துண்டு எழுதிக் கொடுத்தது எந்தப் பதிவேட்டிலும் ஏறவில்லையே.

மூன்றாம் நாள்தான் மண்டபம் சூடானது. மருந்துகளை உயிர்காப்பவை, அத்தியாவசியமானவை, அவ்வளவு அவசியமில்லாதவை என்று மூன்றாகப் பிரிக்க வேண்டும். எங்கள் மேசையில் ஒருவர் பாம்புக்கடி விஷமுறிவு மருந்தை இரண்டாவது பெட்டியில் போட்டார். வருடத்துக்குக் கொஞ்சம்தான் போகிறது, விலையும் அதிகம், மிச்சம் காலாவதியாகிறது என்பது அவர் வாதம். அம்பாறைப் பக்கத்திலிருந்து வந்த வைத்தியர் பேனையை வைத்துவிட்டார். “அறுவடைக்கு வயலுக்குள் இறங்குகிறவனைப் புடையன் தீண்டினால் உங்கள் இரண்டாவது பெட்டியைத் திறந்து காட்டுவீர்களா?” என்றார். விஷமுறிவு மருந்து முதல் பெட்டிக்குப் போய்விட்டது. எவ்வளவு போகிறது, என்ன விலை என்பது ஏபிசியின் வேலை. இல்லாமற் போனால் ஆளுக்கு என்ன ஆகும் என்பதுதான் இங்கே கேள்வி. பின்பரீட்சையில் இதைச் சுற்றி இரண்டு கேள்வி வந்தது. விற்றமின் சிரப்புக்காக நடந்த சண்டையை நான் எழுதவில்லை, அது இன்னும் முடியவில்லை.

புது மருந்தைப் பட்டியலில் சேர்ப்பது பற்றிய பாடம் எனக்கு மிகவும் பிடித்தது. மெடிக்கல் ரெப் கொண்டு வரும் பளபளப்பான தாளில் “ஆபத்தை 50 வீதம் குறைக்கிறது” என்று இருக்கும். நூறு பேரில் இரண்டு பேருக்கு வந்தது ஒருவருக்கு ஆனாலும் 50 வீதம்தான். அந்த ஒருவரைக் காப்பாற்ற நூறு பேருக்கு மருந்து கொடுக்க வேண்டும். இந்தக் கணக்கைப் பழகிய பிறகு அந்தத் தாள்களை வேறு கண்ணால்தான் பார்க்கிறேன். நுண்ணுயிர் எதிரிகளை மூன்று தரமாக உலக சுகாதார நிறுவனம் 2017இல் பிரித்ததையும் ஒருமுறை வாசித்துவிட்டுப் போங்கள். அமொக்சிசிலினும் சிப்ரோஃப்ளொக்சசினும் ஒரே தரமில்லை. சேனக பிபிலே பற்றியும் கேட்டார்கள். 1971இல் தொடங்கிய அரச மருந்துக் கூட்டுத்தாபனத்தின் முதல் தலைவர் அவர். அந்தக் கூட்டுத்தாபனத்தின் மருந்துக் கடையான நம் ஊர் ஒசுசலவைத் தாண்டிப் போகும்போது நினைத்துக்கொண்டால் மறக்காது.

பின்பரீட்சையில் பதினேழு. ஆனால் திரும்பி வந்தபோது எங்கள் மருந்துக் குழு கூட்டக் குறிப்பில் மட்டும்தான் உயிரோடிருந்தது. பெரிய அறிக்கை எழுதினால் யாரும் வாசிக்கப் போவதில்லை என்று பட்டது. ஒரே ஒரு மருந்தை எடுத்தேன்: வயிற்று அமிலத்தைக் குறைக்கும் பான்டோபிரசோல் ஊசி. ஒரு விடுதியில் முப்பது பெட்ஹெட் டிக்கெட்டை, அதாவது நோயாளர் குறிப்பேட்டைப் பார்த்தேன். பதினொரு பேர் சோறு சாப்பிட்டுக்கொண்டே ஊசியும் போட்டுக்கொண்டிருந்தார்கள். மாத்திரை போதும் என்று நான் சொல்லவில்லை. எண்ணை மட்டும் ஒரு தாளில் எழுதி வைத்தியர் மேசையில் வைத்தேன். அவர் இரண்டு தரம் பார்த்தார். “அடுத்த மாதமும் முப்பது எடும், சேர்ந்து பார்ப்போம்” என்றார். இருபத்தெட்டாம் திகதி எடுக்கப் போகிறேன்.